மூச்சு யார் சொல்லி வருகிறது?

(எங்கள் மாதாந்தச் சந்திப்பில் ஆற்றிய உரை. எழுத்தாக்கும்போது பேச்சு நடையை முழுதாக மாற்றவில்லை.)



இந்தச் சந்திப்புத் தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். அதுக்குள்ள இங்க இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு நூற்றைம்பது தடவை மூச்சு எடுத்து விட்டிருப்பீங்கள். ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 தடவை. யாரும் எண்ணுறதில்லை, யாரும் ஞாபகப்படுத்துறதில்லை. நித்திரையிலும் நடக்குது. அப்ப இதை நடத்துறது யார்?

இன்றைக்கு இதைக் கதைக்க எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. நாங்கள் வாழுற நகரங்களில் மனிதர்கள் மூச்சு நின்று செத்துக்கொண்டிருக்கினம். சிலர் நடைபாதையில், சிலர் தங்கட சொந்த அறைக்குள்ள, சிலர் பொலிஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே. அந்தச் சாவுகளில் உடலுக்குள் என்ன நடந்தது என்பது தெரியாமல், யார் பொறுப்பு என்ற கேள்வியை உறுதியாகக் கேட்க முடியாது. நீதிமன்றத்தில் அதிகாரத்தின் பக்கம் நிற்கிறவை மருத்துவத்தைத் தங்கட பக்கம் இழுத்துக் கதைக்க நல்லாத் தெரிஞ்சவை. எங்களுக்கும் அது தெரிஞ்சிருக்க வேணும்.

கழுத்து வழியாக இறங்கும் கட்டளை

முதலில் இதயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. இதயத்தின் தாளம் இதயத்துக்குள்ளேயே இருக்கு. உடலில் இருந்து வெளியே எடுத்து உரிய திரவத்தில் வைத்தால், நரம்பு ஒன்றும் இல்லாமலே அது கொஞ்ச நேரம் துடிக்கும். நுரையீரலுக்கு அந்த வசதி இல்லை. அது பஞ்சு மாதிரி, தானாக விரியத் தெரியாது. அதை விரிக்கிறது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற பிரிமென்றகடும், விலா எலும்புகளுக்கு இடையில் இருக்கிற தசைகளும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பிரிமென்றகட்டை உதரவிதானம் என்பார்கள். இவை கையையும் காலையும் அசைக்கிற தசைகளின் இனம். நரம்பில் இருந்து கட்டளை வந்தால் சுருங்கும், வராவிட்டால் சும்மா கிடக்கும். 20,000 மூச்சு எண்டால் 20,000 கட்டளை.

அந்தக் கட்டளை கழுத்து வழியாக இறங்குது. பிரிமென்றகட்டுக்குப் போகும் நரம்பு முண்ணாணின் கழுத்துப் பகுதியில் 3ஆம், 4ஆம், 5ஆம் துண்டங்களில் இருந்து புறப்படுகிறது. முண்ணாண் அதற்கு மேலே துண்டிக்கப்பட்டால் மூச்சு உடனே நின்றுவிடும். கீழே துண்டிக்கப்பட்டால் கால்கள் இயங்காமல் போகலாம், ஆனால் பிரிமென்றகடு வேலை செய்யும். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர் விலங்குகளின் முண்ணாணை வெவ்வேறு உயரங்களில் வெட்டிப் பார்த்து இதை எழுதிவைத்தார். அவர் ஆரம்பத்தில் கிளாடியேற்றர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பிறருடைய பொழுதுபோக்குக்காக மனிதர்கள் வெட்டுப்பட்ட களத்தில் இருந்துதான் அவருக்குக் காயங்களைப் பற்றிய அறிவு கிடைத்தது.

பிறகு 1811, 1812 அளவில் லெகல்லுவா என்ற பிரெஞ்சு மருத்துவர் முயல்களில் இன்னொரு பரிசோதனை செய்தார். மூளையை முன்பக்கத்தில் இருந்து துண்டு துண்டாக அகற்றிக்கொண்டு வந்தார். பெருமூளை போனது, மூச்சு நிற்கவில்லை. சிறுமூளை போனது, நிற்கவில்லை. மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரு சின்ன இடத்தைத் தொட்டபோதுதான் நின்றது. அந்த அடிப்பகுதியை முகுளம் என்கிறோம். இலங்கையில் உயிரியல் படிச்ச அம்மா அப்பா இருந்தால் கேட்டுப் பாருங்கோ, "நீள்வளைய மையவிழையம்" எண்டு உடனே சொல்லுவினம்.

தட்டில் கிடந்த சீவல்

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த இடத்துக்குள் எது தாளத்தை உண்டாக்குது எண்டு பிடிக்க இன்னும் 180 வருஷம் போனது.

1980களில் ஒரு வழி கிடைத்தது. பிறந்து சில நாளேயான எலியின் மூளைத்தண்டை முண்ணாணோடு சேர்த்து வெளியே எடுத்து, ஒட்சிசன் கலந்த திரவத்தில் வைத்தால் பிரிமென்றகட்டுக்குப் போகும் நரம்பில் தாளம் தொடர்ந்து வந்தது. 1991இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் இதை இன்னொரு படி கொண்டு போனார்கள். அந்தத் தண்டை மேலிருந்து மெல்லிய சீவல்களாகச் சீவிக்கொண்டே வந்தார்கள். தாளம் நடந்துகொண்டே இருந்தது. ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் நின்றது. பிறகு அந்த மட்டத்தை உள்ளடக்கிய, அரை மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள ஒரு சீவலை மட்டும் எடுத்துத் தட்டில் வைத்தார்கள். நாக்குக்குப் போகும் நரம்பின் வேர் அதில் இருக்கும். அந்த வேரில் தாளம் வந்தது.

யோசிச்சுப் பாருங்கோ. அந்தச் சீவலுக்கு நுரையீரல் இல்லை, இரத்தம் இல்லை, உடல் இல்லை. ஆனாலும் மூச்செடு, மூச்செடு எண்டு சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த இடத்துக்கு "பிரீ-பொட்சிங்கர் தொகுதி" என்று பெயர். பொட்சிங்கர் ஒரு விஞ்ஞானி எண்டு நினைக்காதேங்கோ. அது ஒரு வைன். ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டின்போது மேசையில் இருந்த போத்தலில் இருந்த ஊர்ப்பெயரைத்தான் ஃபெல்ட்மன் பக்கத்துப் பகுதிக்கு வைத்தார். அதற்குப் பக்கத்தில் இருக்கும் இது "பிரீ" ஆனது. இடமும் வலமுமாக ஒவ்வொன்று, எலியில் எல்லாமாகச் சில ஆயிரம் நரம்புக்கலங்கள். 2001இல் எலிகளில் இந்தக் கலங்களில் ஒரு வகையை அழித்துப் பார்த்தபோது மூச்சு ஒழுங்கு குலைந்து தடுமாறியது. 2008இல் விழித்திருந்த எலிகளில் ஒரு வகையை மட்டும் மரபணு வழியால் அடக்கியபோது மூச்சு நின்றது. மனித மூளையில் இதற்கு ஒத்த பகுதி 2011இல் அடையாளம் காணப்பட்டது. இந்த அறிவு முழுக்க ஏராளமான எலிகளின் உயிரைக் கொடுத்து வாங்கியது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தலைவர் இருக்கிறாரா?

சரி, சில ஆயிரம் கலங்கள். இவைக்குள் தாளம் எப்படிப் பிறக்குது? இங்கே இரண்டு கட்சி இருக்கு.

முதலாவது கட்சி சொல்லுறது: இவற்றுள் சில கலங்கள் தாமாகவே துடிக்கக்கூடியவை. கலத்தின் சுவரில் உள்ள வாசல்கள் வழியாகச் சோடியம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், ஒரு மட்டத்தைத் தாண்டியதும் கலம் மின்துடிப்புகளைக் கொட்டும், பிறகு ஓயும், பிறகு மறுபடி. இதயத்தில் இருக்கிற மாதிரியே ஒரு தாளக்கருவி. இந்த மாதிரிக் கலங்கள் உண்மையிலேயே இருக்கு, தனிமைப்படுத்திப் பார்த்தும் துடிக்குது.

இரண்டாவது கட்சி சொல்லுறது: தாளம் எந்தத் தனிக் கலத்திலும் இல்லை, அவற்றுக்கு இடையில் இருக்கு. ஒரு மூச்சு முடிந்ததும் எல்லாம் அமைதி. பிறகு இங்கொன்று அங்கொன்று மெல்லத் துடிக்கத் தொடங்கும். ஒரு கலம் துடித்தால் குளுற்றமேற்று என்ற இரசாயனத்தைப் பக்கத்துக் கலங்களில் தெளிக்கும். அந்த ஒரு உந்தல் காணாது, பக்கத்துக் கலம் அசையாது. ஆனால் ஒரே நேரத்தில் பல பேர் உந்தினால் அதுவும் துடிக்கும், அது இன்னும் நாலு பேரை உந்தும். இப்படிச் சில நூறு மில்லிசெக்கனுக்குள் தனித்தனி முணுமுணுப்பு ஒத்திசைவாகி, எல்லாம் சேர்ந்து ஒரு வெடிப்பாக வெடிக்கும். அந்த வெடிப்புத்தான் தசைக்குப் போகிற கட்டளை. பிறகு எல்லாம் களைத்து ஓயும். களைப்பு ஆறியதும் மறுபடி முணுமுணுப்பு. ஒரு நாடகம் முடிந்து நாங்கள் கைதட்டும்போது முதலில் சலசலப்பாக இருந்து, பிறகு யாரும் சொல்லாமலே ஒரே தாளத்துக்கு வரும், கவனிச்சிருப்பீங்கள். ஏறத்தாழ அப்படி.

இந்த இரண்டாவது கட்சிக்கு நல்ல ஆதாரங்கள் இருக்கு. குளுற்றமேற்றுத் தொடர்பை மருந்தால் தடுத்தால் சீவலில் தாளம் நிற்கும். 2013இல் இன்னொன்று கண்டார்கள்: சிலநேரம் அந்த முணுமுணுப்பு எழும்பி வரும், ஆனால் எல்லையைத் தாண்டாமல் அடங்கிவிடும். தசைக்கு ஒன்றும் போகாது, ஆனால் உள்ளே தாளம் தவறாமல் போய்க்கொண்டிருக்கும். அதாவது தாளமும் மூச்சும் ஒன்றல்ல. தாளம் திரண்டு எல்லையைத் தாண்டினால்தான் மூச்சு. சுண்டெலிச் சீவல்களில் ஒவ்வொரு கலமாக லேசரால் சுட்டு அழித்தும் பார்த்தார்கள். எல்லாவற்றையும் அழிக்கத் தேவைப்படவில்லை. ஒரு சிறு பங்கு போனதுமே தாளம் மெதுவாகி நின்றுவிட்டது. மீதிக் கலங்கள் உயிரோடு இருந்தன, ஆனால் ஒன்றுசேர முடியவில்லை.

விவாதம் இன்னும் முடியவில்லை. சோடியக் கசிவை அடைத்தும் தாளம் நிற்காத பரிசோதனைகள் உண்டு, அதற்கு மறுப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்பவர்களும் இருக்கினம்.

இந்த இடத்தில் உங்களில் சிலருடைய முகம் மலருறது தெரியுது. "பார்த்தீங்களா, தலைவர் இல்லாமலே இயங்குது, இயற்கையே எங்கட பக்கம்!" அவசரப்படாதேங்கோ தோழர்களே. உடலை அரசியலுக்கு உவமையாக்கின வேலையை எங்களுக்கு முதல் யார் செய்தது எண்டு பாருங்கோ. புருஷ சூக்தம் வாயில் இருந்து ஒருவரையும் தோளில் இருந்து ஒருவரையும் பாதத்தில் இருந்து ஒருவரையும் பிறக்க வைத்தது. ரோமில் வேலைநிறுத்தம் செய்த எளிய மக்களுக்கு மெனேனியஸ் அக்ரிப்பா என்ற பிரபு வயிறும் கை கால்களும் பற்றிக் கதை சொல்லித் திரும்ப வேலைக்கு அனுப்பியதாக ஒரு பழைய கதை இருக்கு. மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் அதைக் கிண்டல் செய்கிறார். உடல் இப்படி இருக்கு, ஆகவே சமூகமும் இப்படி இருக்கவேணும் எண்டு தொடங்கினால், கடைசியில் யாரோ ஒருவர் பாதமாகத்தான் போவார். நரம்புக்கலங்களுக்குக் கொள்கை இல்லை, கூலி இல்லை, கருத்து வேறுபாடும் இல்லை. எங்கட அமைப்பு எப்படி இருக்கவேணும் எண்டதை நாங்கள்தான் விவாதித்து முடிவு செய்யவேணும், எலியின் முகுளத்தைக் கேட்கக் கூடாது.

இந்த அறிவால் எங்களுக்கு உள்ள பயன் வேறு இடத்தில் இருக்கு. அதுக்கு வாறன்.

மூச்சுத் திணறல் எண்டது என்ன?

அதற்கு முதல் ஒரு சின்னப் பரிசோதனை. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்து பாருங்கோ. முப்பது, நாற்பது செக்கனில் உள்ளுக்கு ஒரு நெருக்குதல் வரும். ஒட்சிசன் தீர்ந்துபோச்சு எண்டு நினைப்பீங்கள். உண்மையில் அங்கே முதலில் சத்தம் போடுறது காபனீரொட்சைட்டு. அது இரத்தத்தில் கூடும்போது அமிலத்தன்மை கூடும். அதை உணரும் கலங்கள் மூளைத்தண்டிலேயே, மூச்சுத் தாளம் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கு. கழுத்து நாடியில் இருக்கிற இன்னொரு சின்ன உறுப்பு ஒட்சிசனைக் கவனிக்குது. அந்த உறுப்பின் வேலையைக் காட்டியதற்காக கோர்னேய் ஹேமன்ஸ் என்ற பெல்ஜிய ஆய்வாளருக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இவை எல்லாம் சேர்ந்து தாளத்தை வேகமாக்கும், கட்டளையைப் பலமாக்கும். நீங்கள் எவ்வளவு மன உறுதி உள்ளவராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் மூளைத்தண்டு உங்களை வெல்லும், மூச்சை இழுப்பீங்கள்.

ஆக, மூச்சுக்கு மூன்று விஷயம் வேணும். தாளம் பிறக்க வேணும். "காற்றுப் போதவில்லை" என்ற அறிவிப்பு வர வேணும். கட்டளையை ஏற்று நெஞ்சு விரிய வேணும். ஒவ்வொன்றும் பழுதாகும்போது என்ன நடக்குது எண்டதை மூன்று இடங்களில் பாப்பம்.

கொப்பன்ஹேகன், 1952

1952 கோடையில் டென்மார்க்கின் தலைநகரில் போலியோ பரவியது. போலியோ வைரஸ் கால்களை மட்டும் தாக்கும் எண்டு நினைக்கிறம். சிலருக்கு அது மூளைத்தண்டையும் மூச்சுத் தசைகளுக்கான நரம்புக்கலங்களையும் தாக்கும். பிளெக்டம் மருத்துவமனையில் முதல் மூன்று கிழமையில் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். கருவிகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தன.

பியோன் இப்சன் என்ற மயக்கமருந்து நிபுணர் ஓகஸ்ட் மாதம் ஒரு 12 வயதுப் பிள்ளைக்கு தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு றப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று உள்ளே தள்ளினார். பிள்ளை பிழைத்தது. ஆனால் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு இரவும் பகலும் பையை அமுக்குவது யார்? மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். முறை வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, மாதக்கணக்கில் அமுக்கினார்கள். எல்லாமாக ஏறத்தாழ 1,500 மாணவர்கள். இறப்பு வீதம் பெருமளவு விழுந்தது. இன்றைக்கு எல்லா மருத்துவமனையிலும் இருக்கிற தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே இருந்துதான் தொடங்குது.

அந்தப் பிள்ளைகளின் மூளைத்தண்டும் நரம்பும் செய்ய முடியாமல் போன வேலையை வேறு மனிதர்களின் கைகள் செய்தன. உடல் திருந்த நேரம் எடுக்கும், அந்த நேரத்தை இன்னொருவர் தன் கையால் வாங்கிக் கொடுக்கலாம். அடுத்த பகுதிக்கு இது முக்கியம்.

எங்கட நகரம், இப்ப

கனடாவில் 2016 ஜனவரியில் இருந்து ஓபியொயிட் நஞ்சாதலால் இறந்தவர்கள் 50,000க்கு மேல். ஒரு நகரத்தின் ஒரு பகுதியே காலியான மாதிரி. மோர்ஃபின், ஒக்ஸிகோடோன், ஹெரோயின், ஃபென்ரனில் எல்லாம் இந்தக் குடும்பம். இவை ஆளை எப்படிக் கொல்லுது?

இதயத்தை நிறுத்தி இல்லை. மூச்சுத் தாளத்தை நிறுத்தி. வலியைக் குறைப்பதற்காக இந்த மருந்துகள் போய் ஒட்டுகிற அதே வாங்கிகள் பிரீ-பொட்சிங்கர் கலங்களிலும், மூளைத்தண்டில் மூச்சோடு சம்பந்தப்பட்ட வேறு கலங்களிலும் இருக்கு. மருந்து ஒட்டியதும் இரண்டு விஷயம் நடக்குது. ஒன்று, கலம் தானே அமைதியாகிவிடும், துடிப்பது கஷ்டம். மற்றது, துடித்தாலும் பக்கத்துக் கலத்துக்குத் தெளிக்கும் குளுற்றமேற்றின் அளவு குறையும். ஒருவர் சொல்லுறது மற்றவருக்கு எட்டாது. முணுமுணுப்பு ஒத்திசைவாக மாறாது, எல்லையைத் தாண்டாது. மூச்சுகளுக்கு இடையில் இடைவெளி கூடும், பிறகு நிற்கும். அதே நேரம் காபனீரொட்சைட்டு கூடுது எண்ட அறிவிப்பையும் மருந்து மழுங்கடிச்சுவிடும். அதனால்தான் அந்த மனிதர் போராடுறதில்லை. பக்கத்து அறையில் இருக்கிற அம்மாவுக்குச் சத்தம் கேட்காது. "நல்லா நித்திரை கொள்ளுறான்" எண்டு கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பா.

நலொக்சோன் அந்த வாங்கியில் இருந்து மருந்தைத் தள்ளிவிட்டுத் தான் போய் இருக்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில் கலங்கள் மறுபடி கதைக்கத் தொடங்கும், தாளம் திரளும். பின்னால் மேசையில் இருக்கிற சின்னப் பெட்டிகள் அவைதான். மூக்கில் அடிக்கிற வகை, ஊசி தேவையில்லை. ஒன்ராறியோவில் பல மருந்தகங்களில் இலவசமாகக் கிடைக்குது. வேறு நாடுகளில் இருந்து இதை வாசிக்கிற தோழர்கள் உங்கட இடத்தில் என்ன ஏற்பாடு எண்டு விசாரியுங்கோ.

கவனமாகக் கேளுங்கோ. ஒருவரைத் தட்டி எழுப்பியும் எழும்பவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது இல்லை, தொண்டையில் குறட்டை மாதிரி அல்லது களகளவென்று சத்தம், உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறம், கண்மணி ஊசிமுனை அளவு. இவற்றைக் கண்டால்: அவசர இலக்கத்துக்கு அழையுங்கோ. நலொக்சோன் கொடுங்கோ. மூச்சுக் கொடுக்கத் தெரிந்தால் கொடுங்கோ, நாடி இல்லாவிட்டால் நெஞ்சை அமுக்குங்கோ. இரண்டு மூன்று நிமிஷத்தில் மாற்றம் இல்லாவிட்டால் இன்னொரு தடவை நலொக்சோன். மூச்சு வந்ததும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கோ. விட்டுவிட்டுப் போகாதேங்கோ, ஏனெண்டால் நலொக்சோனின் வேலை அரை மணித்தியாலத்தில் இருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடியலாம், உடலில் இருக்கிற மருந்து அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம். ஓபியொயிட் எடுக்காத ஒருவருக்கு நலொக்சோன் கொடுத்தால் தீங்கில்லை. இப்ப தெருவில் வாறதில் பென்சோடயசபீனும் கலந்திருக்கு. அதை நலொக்சோன் அகற்றாது, அதனால் ஆள் கண் திறக்காமல் இருக்கலாம். எங்கட இலக்கு அவர் எழும்புறது இல்லை, மூச்சு விடுறது. கொப்பன்ஹேகன் மாணவர்கள் செய்ததுதான் இது: தாளம் திரும்பும்வரை நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

பொலிஸ் வருமோ எண்ட பயத்தில் அழைக்காமல் விடுறவர்கள் இருக்கினம். கனடாவில் 2017இல் வந்த சட்டத்தின்படி இப்படியான நேரத்தில் உதவிக்கு அழைப்பவர்மீதும் அங்கே நிற்பவர்கள்மீதும், சொந்தப் பாவனைக்காக வைத்திருந்த குற்றச்சாட்டைப் போட முடியாது. மற்றக் குற்றச்சாட்டுகள் பலவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்தச் சாவுகள் எங்கிருந்து வந்தன? பெர்டியூ நிறுவனம் 1996இல் ஒக்ஸிகொன்ரினைச் சந்தைக்கு விட்டது. அடிமையாக்கும் ஆபத்துக் குறைவு எண்டு மருத்துவர்களிடம் சொல்லி விற்றது. அந்த நிறுவனத் தரப்பு 2007இலும் 2020இலும் அமெரிக்க நீதிமன்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதுகு உடைய வேலை செய்து, வலியோடு மறுநாளும் வேலைக்குப் போக வேண்டியிருந்த ஆக்களிடம் இந்த மருந்து போய்ச் சேர்ந்தது. ஒன்ராறியோவில் இறந்தவர்களில் கட்டட வேலை செய்தவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடுக்கிறதுக்கும் வழி தெரியும். வன்கூவரில் 2003இல் இன்சைட் என்ற மேற்பார்வை நிலையம் திறந்தது. ரொறன்ரோவில் 2017 ஓகஸ்டில், அரசு அனுமதிக்காகக் காத்திராமல், மொஸ் பார்க்கில் தன்னார்வலர்கள் கூடாரம் அடித்து அந்த வேலையைத் தொடங்கினார்கள். ஒன்ராறியோ அரசு 2024இல் சட்டம் கொண்டுவந்து, பாடசாலைகளுக்கும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்கும் 200 மீற்றருக்குள் இருந்த நிலையங்களை 2025 மார்ச் இறுதியோடு மூட வைத்தது. மூளைத்தண்டின் கணக்கு நிமிஷக் கணக்கு. பக்கத்தில் ஆள் இருந்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் இல்லை. ஆளை அகற்றுவது எண்டது அந்த நிமிஷங்களை அகற்றுவது.

எங்கட ஆக்களுக்குள்ள இது இல்லை எண்டு சொல்லுற பெரியாக்களோடும் கதைக்க வேணும். எங்கட மரண அறிவித்தல்களில் இளம் பிள்ளைகளின் படத்துக்குக் கீழே காரணம் எழுதுறதில்லை. அந்தக் குடும்பங்களின் துக்கத்தை நாங்கள் கிளற வேண்டாம். ஆனால் வெட்கத்தால் கதவை மூடிக்கொண்டு தனியப் பாவிக்கிறவர்தான் முதலில் சாகிறார்.

"கதைக்கிறாய்தானே, அப்ப மூச்சு வருது"

மூன்றாவது இடம். இங்கே தாளத்துக்கு ஒரு பழுதும் இல்லை. காற்றுப் போதவில்லை என்ற அறிவிப்பும் உச்சத்தில் இருக்கு. மூளைத்தண்டு முழுப் பலத்தோடு கட்டளை அனுப்புது. நெஞ்சுதான் விரிய முடியாமல் இருக்கு, ஏனெண்டால் மேலே ஆள் இருக்கு.

2014 ஜூலையில் நியூயோர்க்கில் எரிக் கார்னர் மூச்சு விட முடியவில்லை எண்டு பதினொரு தடவை சொன்னார். 2020 மே 25இல் மினியாபொலிஸில் ஜோர்ஜ் ஃபிளொய்ட் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் முழங்காலுக்குக் கீழே கிடந்தார். 2010 ஒக்ரோபர் 12இல் லண்டன் ஹீத்ரோவில், அங்கோலாவுக்கு நாடுகடத்தப்படவிருந்த ஜிம்மி முபெங்காவை, விலங்கு போட்ட நிலையில் விமான இருக்கையில் தனியார் நிறுவனக் காவலர் மூவர் அமுக்கி வைத்திருந்தார்கள். மூச்சு விட முடியவில்லை எண்டு அவர் கத்தியதைப் பயணிகள் கேட்டார்கள். 2013இல் மரண விசாரணை அதைச் சட்டவிரோதக் கொலை என்றது. 2014இல் நீதிமன்றம் மூன்று காவலரையும் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. அதற்கு இடைப்பட்ட வருஷங்களில் பிரித்தானியா எங்கட ஆக்களையும் தனி விமானங்களில் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தது எண்டதை மறக்காதேங்கோ.

இப்படியான நேரங்களில் காவல் தரப்பு சொல்லுற பதில் ஒன்று இருக்கு: கதைக்க முடியுது எண்டால் மூச்சும் விட முடியுதுதானே. கேட்கச் சரி மாதிரி இருக்கும். கணக்குப் பாருங்கோ. சாதாரண மூச்சு ஒன்றில் ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்று உள்ளே போகுது. அதில் 150 மில்லிலீற்றர் அளவு தொண்டையிலும் குழாய்களிலும் தங்கிவிடும், இரத்தத்தோடு கலக்கும் சிற்றறைகளுக்குப் போய்ச் சேராது. மீதி 350தான் உயிர். முதுகை அமுக்கி மூச்சின் அளவு சுருங்கச் சுருங்க, அந்த 350தான் குறைந்துகொண்டு போகும். குரல் வருவதற்கோ வெளியே வரும் காற்றுக் கொஞ்சம் குரல்வளையைத் தாண்டினால் போதும். ஆகவே ஒருவர் சொல்லால் கெஞ்சிக்கொண்டே மூச்சு முட்டிச் சாகலாம். 2021இல் ஃபிளொய்ட் வழக்கில் சாட்சி சொன்ன சுவாசநோய் நிபுணர் மார்ட்டின் ரோபின் இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது எண்டதை நடுவர்களுக்கு விளக்கினார். அந்தப் பொலிஸ்காரர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார்.

ஆர்ப்பாட்டங்களுக்குப் போகும்போது இதை மனதில் வைத்திருங்கோ. குப்புறக் கிடக்கிற ஆளின் முதுகில் பாரம் ஏறினால், "ஆளைப் பக்கவாட்டில் திருப்புங்கோ, இருத்துங்கோ" எண்டு உரத்துச் சொல்லுங்கோ. காணொளி எடுங்கோ. நேரத்தைக் குறியுங்கோ. பிறகு யாராவது "அவர் கதைச்சுக்கொண்டுதானே இருந்தவர்" எண்டு சொன்னால், 500, 150 எண்ட இரண்டு எண்களையும் சொல்லுங்கோ.

முடிக்கிறேன். இடைவேளையில் ஆளுக்கு ஒரு பெட்டி எடுங்கோ, கைப்பையில் வையுங்கோ, எங்க இருக்கு எண்டு வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கோ. பயிற்சி பொம்மை ஒன்று கொண்டு வந்திருக்கு, தேத்தண்ணி குடிச்ச பிறகு எல்லாரும் ஒரு தடவை செய்து பாப்பம். மூடப்பட்ட நிலையங்களைத் திறக்கக் கேட்டு மாகாண சபை உறுப்பினர்களுக்கு எழுதும் கடிதத்தின் தமிழ் வரைவு தயாராக இருக்கு. பெரியாக்களிடம் கையெழுத்து வாங்கப் போகும்போது, முகுளத்தில் இருந்து கதையைத் தொடங்குங்கோ. அவை கேட்பினம்.

இனி உங்கட கேள்விகள்.